நடு எங்கே இருக்கிறது

முதல் கோடு போட்டாயிற்று. தாளின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரே கோடு, என் கண் இருக்கும் உயரம், அவ்வளவுதான். இதற்கே நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது, கடைசிப் பாயிண்டுக்கு சர்வீஸ் போடப் போகிறவளுக்கு அடிக்கிற மாதிரி. பைத்தியம்தான். நாற்பத்தாறு வயதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, காலனி சங்கத்தில் சாவி வாங்கி ஷட்டில் கோர்ட்டைத் திறந்து, ஆள் அரவமில்லாத இந்தக் கூடத்தில் பின் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, இடது கையில் பரீட்சை அட்டை, வலது கையில் பென்சில், காதில் இன்னொரு பென்சில், யாராவது பார்த்தால் மங்கை மேடத்துக்குக் கண்ணோடு சேர்த்து வேறு எதுவோ போய்விட்டது என்பார்கள். சொல்லட்டும். அடிவானக் கோடு என்று ஒரு ஓவியப் புத்தகத்தில் இருந்தது. கடற்கரையில் நின்றால்தான் அடிவானம் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், திருச்சியில் கடலுக்கு எங்கே போக, ஆனால் அடிவானம் என்பது கடலில் இல்லையாம், என் கண்ணில் இருக்கிறதாம், நான் உட்கார்ந்தால் அதுவும் உட்காருமாம், மாடிக்கு ஏறினால் என்னோடு ஏறுமாம், இதைப் படித்த அன்றைக்கு நூலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், எழுந்து பார்த்தேன், மறுபடி உட்கார்ந்தேன், எதிரே படித்துக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உண்மைதான், ஏறி இறங்குகிறது. நாற்பத்தாறு வருஷமாக ஒரு கோட்டைக் கண்ணோடு சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கோட்டில் ஒரு புள்ளி. நேர் எதிரே, கூடத்தின் அந்தக் கோடியில், வலைக்கு அப்பால், இரட்டைக் கதவு, அதன் தாழ்ப்பாள் இருக்கிற இடம். அதுதான் மறையும் புள்ளி. எல்லாக் கோடுகளும் அங்கேதான் போகும். அந்தக் கதவு வழியாகத்தான் ரஹ்மத் வர வேண்டும். வருவாளா. நேற்று போனில், "நாளைக்கு சாயங்காலம் கோர்ட்டுக்கு வா" என்றேன். அந்தப் பக்கம் அவள் மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மட்டும் கேட்டது. பிறகு, "எதுக்கு மங்கை?" "ஒண்ணு காட்டணும்." "பாக்கறேன்" என்றாள். பாக்கறேன் என்றால் ரஹ்மத்தின் அகராதியில் வரமாட்டேன் என்று அர்த்தம், பதினாலு வருஷம் அவளோடு ஜோடி சேர்ந்து ஆடியவளுக்குத் தெரியாதா. சரி, வராவிட்டால் போகட்டும், படம் வரட்டும், இப்போது பக்கக் கோடு.

பக்கக் கோடுகள் இரண்டும் இங்கே என் காலடியில் கூடத்தின் அகலத்துக்கு விரிந்து கிடக்கின்றன, அங்கே போகப் போகக் குறுகுகின்றன, குறுகுவது எனக்கு நன்றாகத் தெரிகிறது, அதுதான் விஷயம், அதுதான் எட்டு மாதமாக எனக்கு யாரும் சொல்லாத விஷயம். போன வருஷம் கார்த்திகை மாதம் இதே கோர்ட்டில் இடது கண் போனது. போனது என்றால் வெளியே ஒன்றும் தெரியாது, கண் இருக்கிறது, இமைக்கிறது, அழுகிறது, பார்ப்பதில்லை, வெளிச்சம் வந்தால் சாம்பல், போனால் கறுப்பு, அவ்வளவுதான் அதன் உத்தியோகம். டாக்டர் நல்ல மனிதர், "ஒரு கண் போதும்மா, மூளை பழகிடும்" என்றார். என்ன பழகுகிறது. வீட்டுக்கு வந்த மறுநாள் டிகாஷனை டம்ளருக்கு அந்தப் பக்கம் ஊற்றினேன். டம்ளர் இருக்கிறது, வாய் தெரிகிறது, ஊற்றினால் மேடையில் போகிறது. என் வீட்டுக்காரர் சந்தானம் ஓடிவந்து, "குடு, நான் ஊத்தறேன்" என்று வாங்கிக்கொண்டார், அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் எதையும் ஊற்றுவதில்லை. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி எது, தரை எது என்று தெரியாது, எல்லாம் கோடு போட்ட புடவை மாதிரி தட்டையாகத் தொங்கும், அதில் காலை வைக்க வேண்டும். நூலகத்தில் புத்தகத்தை அலமாரியில் வைப்பேன், அலமாரி இன்னும் ஒரு விரற்கடை தள்ளியிருக்கும், தொப்பென்று விழும். நேராக முகத்துக்கு வருகிற எதைக் கண்டாலும் தலை தானாகத் திரும்பிவிடும், ஆட்டோ, பிறந்தநாள் பலூன், ஒரு நாள் ஒரு பட்டாம்பூச்சிக்குப் பயந்து கையால் முகத்தை மூடிக்கொண்டேன், பட்டாம்பூச்சிக்கு. உலகத்துக்குள்ளிருந்து ஆழத்தை யாரோ உருவி எடுத்துக்கொண்டு தோலை மட்டும் எனக்கு முன்னால் மாட்டிவிட்டுப் போன மாதிரி. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு சிவில் இன்ஜினியரிங் மாணவன் திருப்பித் தந்த அந்த ஓவியப் புத்தகத்தை உள்ளே வைக்கப் போனவள் சும்மா பிரித்தேன். பிரித்த பக்கத்தில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரம், நடுவில் வண்டித்தடம், அது போகிறது, உள்ளே போகிறது, தாளைத் துளைத்துக்கொண்டு போகிறது, நான் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், தாள்தான். கீழே எழுதியிருந்தது: ஒரே இடத்தில் அசையாமல் நிற்கவும், ஒரு கண்ணை மூடிக்கொள்ளவும். நான் சிரித்துவிட்டேன். நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரிக்கிற நூலகரை அந்தக் கல்லூரி பார்த்ததில்லை. ஒரு கண்ணை மூடிக்கொள்ளவும். ஐயா, மூடித்தான் இருக்கிறது, மேலே சொல்லுங்கள்.

இப்போது நான்கு கோடு வந்துவிட்டது, இரட்டையர் கோடு இரண்டு, ஒற்றையர் கோடு இரண்டு, நாலும் தாழ்ப்பாளை நோக்கி ஓடுகின்றன. தரையில் கிடக்கிற கோடுகள் மேலே ஏறிப் போகின்றன, கூரையில் தொங்குகிற டியூப்லைட் வரிசை கீழே இறங்கி வருகிறது, சுவரில் பாதி உயரத்துக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் சாய்ந்து போகிறது, எல்லாம் ஒரே இடத்துக்கு, ஒன்றுகூடத் தப்பவில்லை. சரிபார்க்கப் பென்சிலைக் கண்ணுக்கு முன் பிடிக்கிறேன், அந்த டியூப்லைட் கீழே, இல்லை இன்னும் கொஞ்சம் கீழே, ஆமாம், தாழ்ப்பாள். அடேயப்பா. பதினாலு வருஷம் இந்தக் கூரையைத் திட்டியிருக்கிறேன், அந்த லைட் கண்ணில் அடிக்கிறது என்று, ஷட்டில் காக் அந்த வெளிச்சத்துக்குள் போய் மறைந்து போகிறது என்று, அன்றைக்கும் அப்படித்தானோ, எதிர்ப்பக்கத்திலிருந்து உயரத் தூக்கி அடித்தார்கள், காக் லைட்டுக்குள் போனது, நான் முன்னால் வலைப்பக்கம், ரஹ்மத் பின்னால், அவளுடைய காக் அது, அவள் எடுக்க வேண்டியது, நான் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும், ஜோடி ஆட்டத்தில் முன்னால் நிற்பவள் திரும்பக் கூடாது, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், திரும்பினேன். ஏன் திரும்பினேன். ரஹ்மத் அடித்த அடி நேரே என் கண்ணுக்கு, வெள்ளையாக இருந்தது. வலி பிறகுதான். ஏன் திரும்பினேன். லைட் கண்ணில் அடித்ததால், இல்லை. சத்தம் கேட்டதால், இல்லை, சத்தத்துக்கு முன்பே. ஒரு பழக்கம், பின்னால் இருக்கிறாளா என்று பார்க்கிற ஒரு சும்மாப் பழக்கம், கடைத்தெருவில் கூட வருகிறவளைத் திரும்பிப் பார்ப்போமே, அந்த மாதிரி, அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேண்டாம், படம். வலையை எங்கே போடுவது. கோர்ட்டுக்கு நடுவில்தானே வலை, அதில் என்ன சந்தேகம், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, ஸ்கேல் வைத்து அளந்து சரிபாதியில் ஒரு கோடு, முடிந்தது. முடியவில்லையே. என்னவோ மாதிரி இருக்கிறது. வலை என் பக்கம் வந்து நிற்கிறது, என் பாதிக் கோர்ட் குட்டியாகவும் அவர்கள் பாதி நீளமாகவும், இப்படி ஒரு கோர்ட்டில் யார் ஆடுவது, நிமிர்ந்து நிஜத்தைப் பார்க்கிறேன், வலை அங்கே தள்ளி நிற்கிறது, ஸ்கேல் சொல்வது ஒன்று, கண் சொல்வது ஒன்று. அழி. புத்தகத்தில் ஒரு வழி இருந்ததே, மூலைக்கு மூலை. இந்த இடது மூலையிலிருந்து அந்த வலது மூலை, இந்த வலதிலிருந்து அந்த இடது, இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம். போடுகிறேன், வெட்டிக்கொள்கின்றன, எங்கே, மேலே, நான் வைத்த இடத்திலிருந்து நன்றாக மேலே, அங்கே குறுக்கே ஒரு கோடு போட்டேன் பார், தாள் திறந்துகொண்டது. சத்தியமாக. தட்டையாகக் கிடந்த நாலு கோடு படுத்துக்கொண்டு தரையாகிவிட்டது, நான் அதில் நடக்கலாம், ஓடலாம், என் பாதி இது, அவர்கள் பாதி அது, இரண்டும் ஒரே நீளம் என்று ஒரு கண்ணால் சொல்கிறேன், ஒற்றைக் கண்ணால், நடு நடுவில் இல்லை, நடு தள்ளி இருக்கிறது, தூரத்தில் இருப்பதெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது, அது தெரியாமல் அளந்துகொண்டிருந்தால் எப்படிச் சரியாக வரும்! கத்த வேண்டும் போல இருக்கிறது. கத்தினேன். ஏய் என்று. கூடம் முழுக்க ஏய் என்றது, ஜன்னலிலிருந்து இரண்டு புறா பறந்து போனது. யாரும் என்னிடமிருந்து எதையும் உருவவில்லை, ஆழம் இங்கேதான் இருந்திருக்கிறது, கோட்டில் இருந்திருக்கிறது, சுவர்ப் பெயிண்டில், படியின் விளிம்பில், டம்ளரின் வாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தெரிவதில், எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறது, படிக்கத் தெரியாமல் இருந்தேன்.

கதவு கிறீச்சிட்டது. சரியாகத் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு வெளிச்சக் கீற்று, அது அகலமானது, அதில் ஒரு ஆள். வலையின் கண்ணிகளுக்குப் பின்னால், பழுப்பு நிறத் துப்பட்டா, கையில் எப்போதும் தூக்கிக்கொண்டு வருகிற அந்தக் கறுப்புப் பை. வந்துவிட்டாள். ரஹ்மத் வந்துவிட்டாள். அவளும் அங்கேயே நிற்கிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், கழற்றி ஓரமாக வைக்கிறாள், நேராக வைக்கிறாள், இன்னும் நேராக வைக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்து குத்தியது. பார்வை திரும்பாது என்று சொன்ன நாளிலிருந்து என் முகத்தை அவள் பார்க்கவில்லை. வாரம் தவறாமல் கடையிலிருந்து சொட்டு மருந்து கொண்டுவருவாள், கேட்டிலேயே நின்று சந்தானத்திடம், "மங்கை தூங்கறாளாண்ணே? எழுப்பாதீங்க" என்று கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். நான் ஹாலில் முழித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், தூங்கவில்லை என்று எழுந்து போயிருக்கலாம், போகவில்லை, போய் என்ன சொல்வது, பரவாயில்லை என்பதா, பரவாயில்லை என்று சொல்கிற அளவுக்கு அது சின்ன விஷயமா, பரவாயில்லை என்று சொல்லாமல் இருக்கிற அளவுக்கு அவள் எதிரியா. இப்போது நடந்து வருகிறாள். வலைக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, என் பாதிக்குள், நேராக என்னை நோக்கி. தலை திரும்பப் போகிறது, தெரிகிறது, நேராக ஒன்று வருகிறது, பெரிசாகிக்கொண்டே வருகிறது, திரும்பாதே, பார், கோட்டைப் பார். பார்த்தேன். என்ன அதிசயம், அவள் கண் அந்த இடத்திலேயே இருக்கிறது! கதவருகில் நின்றபோது தாழ்ப்பாளின் உயரத்தில் இருந்த கண், இத்தனை தூரம் நடந்து வந்தும் அதே உயரத்தில்தான், அடிவானக் கோட்டிலேயே நூல் பிடித்த மாதிரி வருகிறது, கால்தான் கீழே கீழே இறங்கி வருகிறது, உடம்புதான் நீண்டுகொண்டு வருகிறது. நாங்கள் ஒரே உயரம். ஆமாம், ஒரே உயரம்தானே, டோர்னமெண்டில் அக்கா தங்கையா என்று கேட்பார்களே. எவ்வளவு தூரம் போனாலும் எவ்வளவு கிட்ட வந்தாலும் அவள் கண் என் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும், அவளே நினைத்தாலும் மாற்ற முடியாது. தலை திரும்பவில்லை. நான் திருப்பவில்லை.

"எதுக்குடி தனியா இங்க வந்து நிக்கிற" என்றாள், என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு. "அண்ணன் வரலையா? படியில எப்படி வந்தே?" "நடந்துதான் வந்தேன். இதப் பாரு." அட்டையை நீட்டினேன். வாங்கினாள். பார்த்தாள். "கோர்ட்டா? நீ போட்டதா? நல்லாருக்கு மங்கை." நல்லாருக்கு என்பதை மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லாருக்குன்னு சொல்லக் கூப்பிடல. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாரு." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது என்ன சொன்னேன் என்று. அவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி. "இதச் சொல்லத்தான் கூப்பிட்டியா" என்றாள். "எட்டு மாசம் கழிச்சு. சொல்லு, என்ன வேணா சொல்லு, நான் கேட்டுக்கறேன். ஆனா இப்படிச் சொல்லாதடி." ஐயோ, இல்லை, எப்படி இதை இவளுக்கு, வார்த்தை எங்கே, "லூசு, நான் உன்னத் திட்டல, படத்துக்கு, படத்துக்குச் சொல்றேன், ரெண்டு கண்ணால பாத்தா அது தாளுன்னு கண்ணு காட்டிக் குடுத்துடும், ஒரு கண்ணால பாத்தாத்தான் உள்ள போகும், எல்லாருக்குமே அப்படித்தான், புத்தகத்துலயே போட்டிருக்கு, மூடு, எனக்காக மூடு, கிட்ட வச்சுப் பாரு, அசைக்காதே." அவள் என்னையே பார்த்தாள். முதல் தடவையாக முகத்துக்கு நேராக, நல்ல கண்ணை, பிறகு மற்றதை, நான் இமைக்காமல் நின்றேன். பிறகு இடது கையை எடுத்து, இடது கண்ணை, எனக்குப் போன அதே கண்ணைப் பொத்திக்கொண்டாள். அட்டையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள். அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டாள். தெரியவில்லையா, எனக்கு மட்டும்தானா, என் கிறுக்குத்தானா, வலையைத் தப்பாக வைத்துவிட்டேனா. "அல்லா" என்றாள் மெல்ல. "உள்ள போகுதுடி." "போகுதா?" "போகுது. லைட்டெல்லாம் தொங்குது. வலைக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கு." கையை எடுத்தாள், பார்த்தாள், மறுபடி பொத்தினாள், எடுத்தாள், பொத்தினாள், சின்னப் பிள்ளை மாதிரி. "உனக்கு எப்பவும் இப்படியா தெரியுது?" "படம்னா எப்பவும் இப்படித்தான். ரோட்டுல இருக்கிற சினிமா போஸ்டர்லாம் எனக்கு ஓட்டை போட்ட மாதிரி உள்ள போகுது." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது, பொத்திய கையை எடுக்காமலேயே அழுதாள், விரல் இடுக்கு வழியாக வழிந்து படத்தில் விழப்போனது, நான் அட்டையைப் பிடுங்கிக்கொண்டேன். "படத்துல விடாதே, பென்சில் கலைஞ்சிடும்." "நீ திரும்புவேன்னு நெனைக்கலடி." "தெரியும்." "கத்தணும்னு தோணுச்சு, கை முந்திக்கிச்சு." "தெரியும் ரஹ்மத்." தெரியும் என்று சொன்ன பிறகு எனக்குள் அந்த ஏன் திரும்பினேன் வந்தது, வழக்கம்போல வந்தது, வந்து நின்றது. நான் அதை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்ள அவளுக்கு என் முந்தானையைக் கொடுத்தேன்.

அவள் துடைத்துக்கொண்டாள், கறுப்புப் பையைக் கீழே வைத்து உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தாள், எதையோ தேடுகிற மாதிரி நெடுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்டாதே" என்றாள். வெளியே எடுத்தது கண்ணாடி. வெயிலுக்குப் போடுகிற கண்ணாடி இல்லை, தடித்த, உடையாத, தலைக்குப் பின்னால் பட்டை போட்டு இறுக்கிக்கொள்கிற விளையாட்டுக் கண்ணாடி. இன்னொன்றையும் எடுத்தாள். "ரெண்டு வாங்கினேன். நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த வாரமே வந்துடுச்சு. உன்கிட்ட எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல, பையிலயே கெடந்துச்சு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. உன் டாக்டர்கிட்டயே போய்க் கேட்டேன். இதப் போட்டுக்கிட்டா ஆடலாம்னாரு." எட்டு மாதம் கேட்டுக்கு வந்து போனவள் இதையும் தூக்கிக்கொண்டு வந்து போயிருக்கிறாள், ஹாலில் நான். எனக்கு அழுகை வரவில்லை, ஓட வேண்டும் போல இருந்தது. "ராக்கெட் இருக்கா?" "சங்கத்து ராக்கெட் ஆணியில தொங்குது. வேணாம் மங்கை, இன்னிக்கு வேணாம், பின்னாடி பாத்துக்கலாம்." "போய் எடுத்துட்டு வா." இரண்டு ராக்கெட்டும் ஒரு டப்பா காக்கும் எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டு பட்டையை அவளே இறுக்கினாள், காதை மடித்துவிட்டாள், தன்னுடையதையும் போட்டுக்கொண்டாள், இரண்டு பேரும் நீச்சலுக்குப் போகிற கிழவிகள் மாதிரி இருந்தோம். பக்கத்தில் நிற்கவில்லை, இந்த முறை வலைக்கு அந்தப் பக்கம் போனாள். போட்டாள். மெதுவாக, உயரமாக, நோயாளிக்குப் போடுகிற மாதிரி. வெள்ளையாக ஒன்று வருகிறது. உடம்பு முழுக்கத் திரும்பு என்கிறது. திரும்பவில்லை, வீசினேன், காற்று. காக் என் தோளில் பட்டு விழுந்தது, தோளில்தான், கண்ணில் இல்லை, பட்டது, வலிக்கவில்லை, நான் நிற்கிறேன். "போதுமா?" என்றாள். "இன்னொண்ணு." மறுபடி காற்று. அது எங்கே என்று தேடாதே, எவ்வளவு வேகமாகப் பெரிசாகிறது என்று பார். "இன்னொண்ணு, நல்லாப் போடு, பிச்சை போடற மாதிரி போடாதே." அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, இடுப்பில் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டாள், போட்டாள், அசல் ரஹ்மத் சர்வீஸ், தாழ்வாக, வலையை உரசிக்கொண்டு, வருகிறது, புள்ளி, மொட்டு, பூ, இப்போது, ராக்கெட்டின் விளிம்பில் டக்கென்று பட்டது, பட்டுவிட்டது, எழும்பியது, மேலே போனது, வலையின் மேல்பட்டையில் உட்கார்ந்தது, அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று ஒரு கணம் யோசித்தது, என் பக்கமே விழுந்தது. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரஹ்மத், இரக்கமே இல்லாமல், கூடம் அதிரக் கத்தினாள்: "பாயிண்ட் எனக்கு!"